ஸ்மூத் போட்ட கோடு

8 ஜூலை 2024
இன்று கல்லூரி பிராக்டிகல் வகுப்பில் க்னூபிளாட் என்ற வரைபட மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தேன். மெனு, பட்டன் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் செய்தால் எண்கள் கோடாகும். "கோடு கோணலா வந்தா ஸ்மூத்னு சேத்துப் போடுங்க, வழவழன்னு வரும், மார்க்கும் வரும்" என்றேன். சிரித்தார்கள்.

வரும் ஞாயிறு எனக்கும் கிளீட்டஸுக்கும் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிப்பார்கள்; இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்ற அறிவிப்பு. தம்பி எட்சன் இப்போதே புதுச்சட்டை தைத்துவிட்டான். அவனும் கிளீட்டஸும் ஒரே வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். "அவன் கொறட்டைய நான் சகிச்சாச்சு, இனி ஒன் பாடு" என்று கேலி வேறு.

11 ஜூலை
எட்சன் இல்லை.

16 ஜூலை
வலை இழுக்கும்போது அலை தூக்கி அடித்ததாம். தம்பி விழுந்தான். கிளீட்டஸ் மட்டும் வள்ளத்தோடு வந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"தேடுனேன், முடிஞ்ச மட்டும் தேடுனேன்" என்கிறான். அம்மா அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்: "தேடுனியா, இல்ல ஒன் உசிருதான் பெருசுன்னு ஓடி வந்தியாலே?" ஃபாதர் ஓலையை நிறுத்திவைத்தார்.

29 ஜூலை
கிளீட்டஸ் வந்தான். உள்ளே வரவில்லை. ஜிபிஎஸ் கருவியை நீட்டினான். "வள்ளம் போன தடம் பூரா இதுல கெடக்கு. ஒனக்குப் பாக்கத் தெரியுமே ஜின்சி. பாத்து அம்மைக்குக் காட்டு."

30 ஜூலை
திரை முழுக்க எண்கள். அட்சரேகை ஒரு பத்தி, தீர்க்கரேகை ஒரு பத்தி. அதில் ஏதோ ஒரு வரியில் எட்சன் விழுந்திருக்கிறான். எந்த வரி? எப்போதும் டைப் செய்வதையே டைப் செய்தேன்.

கோடு வந்தது. கடலுக்கும் கரைக்கும் ஒரே இழுப்பு. சுற்றியதற்கோ திரும்பியதற்கோ அடையாளமே இல்லை. பாவி, தேடவே இல்லை! அம்மா அதைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுத் தெருவே வந்து பார்த்தது.

2 ஆகஸ்ட்
கருவியை அவன் தங்கை சகாயசெல்வியிடம் கொடுத்துவிட்டேன். "அண்ணன்ட்ட என்ன சொல்ல?" என்று கேட்டாள். சொல்ல ஒன்றுமில்லை என்றேன்.

20 அக்டோபர்
கிளீட்டஸ் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. அவன் வள்ளத்தில் ஏற ஆள் இல்லையாம். நல்லா வேணும் — எழுதிவிட்டு ஏன் அழுகிறேன்?

4 டிசம்பர்
ஒரு மாணவி காந்தச் சோதனைக்குப் படம் போட்டாள். போய்த் திரும்பும் வளையமாக வரவேண்டியது வெறும் கோடாக வந்திருந்தது. "ஸ்மூத் போட்டியா? அது எண்களை எல்லாம் வரிசை மாத்தி அடுக்கி, சராசரி எடுத்து, வளையத்தையே முழுங்கிரும். இதுகூடத் தெரியாதா?" என்று திட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் உறைத்தது: அன்று வள்ளத்தின் தடத்துக்கும் நான் அதைத்தானே போட்டேன்!

தக்கலையில் பஸ் ஏறி எப்படி வீடு வந்தேனோ. தடத்தின் எண்கள் என் லேப்டாப்பில் அப்படியே இருந்தன. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

வட்டம். வட்டத்தின் மேல் வட்டம். கரைக்குப் பாதி தூரம் வந்தவன் மறுபடி அதே இடத்துக்குப் போயிருக்கிறான். மறுபடி வட்டம். ஐயோ மாதாவே, நான் என்ன செய்துவிட்டேன்!

5 டிசம்பர்
அம்மாவும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு "பொறுத்துக்க மக்கா" என்று அழுதாள். அவனும் அழுதான். நான் படத்தை நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை.

"நான் வாயால சொன்னேனே ஜின்சி. அப்ப நீயாவது நம்பியிருக்கலாமே."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

2 பிப்ரவரி 2025
ஞாயிறு பூசை முடிந்ததும் ஓலை வாசித்தார்கள். கிளீட்டஸுக்கும் குளச்சலில் ஒரு பெண்ணுக்கும். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

எனக்குத் தெரிந்து அவனிடம் எந்தத் தடையும் இல்லை.