அடைத்த வாய்க்காலுக்கு ஒரு விருது

பெட்டியைத் திறந்ததும் தெர்மகோல் வாடை. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தாற்போல. உள்ளே கண்ணாடியில் வார்த்த ஒரு நீர்த்துளி. அடியில் உன் பெயர். சுற்றுச்சூழல், இயற்கை வளச் சட்டத்தில் இவ்வாண்டின் சிறந்த பணிக்காக. பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று போட்டிருக்கிறார்கள். எல்லா எழுத்தும் ஒரே அளவு.

மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே வக்கீல் ஆபீசுக்கென்று நாம் எடுத்த அதே அறை. உன் நாற்காலியில் இப்போது இந்தப் பெட்டி இருக்கிறது. வேறு இடமில்லை.

நீ போனது மழைக்காலக் காய்ச்சலில். வழக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்பு இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபம்.

குறிஞ்சிப்பாடி பஸ் ஜன்னலில் அந்த வாய்க்காலைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். சுரங்கத்தில் இறைத்து வெளியே விடும் தண்ணீர் அதில் ஓடி வயல்களுக்குப் போகும். வழியில் தனியார் ஒருவரின் நிலக்கரிக் கிடங்கு. அங்கிருந்து கரித்தண்ணீரும் வந்து சேரும். சட்டப் படிப்பு முடித்து ஊர் திரும்பிய வருடம், நீ பஸ்ஸை நிறுத்தி இறங்கி அதில் கையை விட்டாய். மணிக்கட்டு வரை கறுப்பு. அதே கையோடு அடுத்த பஸ்ஸில் ஏறினாய். நடத்துனர் சீட்டை விரல் நுனியில் பிடித்து நீட்டினார்.

“இதுலதான்டி மாடு தண்ணி குடிக்குது” என்றாய். அதுதான் தொடக்கம்.

மனுதாரர் நீ. உனக்கு வழக்கறிஞர் நான். நீ சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி சொன்னாய்: கிடங்கு தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வரை அதற்குக் கீழே வாய்க்காலை அடைத்துவைக்க வேண்டும். நானும் யோசிக்கவில்லை. நாம் சுரங்க நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். குழாயில் கலங்கல் வந்தால் உன் அப்பா போய்ப் புகார் எழுதிவிட்டு வருவார். ஆள் வருவார், வால்வை அடைப்பார், சுத்தம் செய்வார். சாயங்காலம் திறந்துவிடுவார். அடைப்பதென்றால் நமக்கு அதுதான். அடைத்தது திறக்காமல் போன ஒரு குழாயை நாம் பார்த்ததேயில்லை.

கடைமடையில் நிலம் வைத்திருந்த செல்விக்கா மட்டும் கேட்டார்.

“அடைச்சா எப்பம்மா தொறப்பாங்க?”

“சுத்தம் பண்ணின ஒடனே தொறந்துடுவாங்கக்கா.”

“அப்ப சரி” என்றார். உன்னை நம்பினார். உன்னை எல்லோரும் நம்பினார்கள்.

தீர்ப்பு வந்த அன்று பரோட்டா கடையில் நீ சால்னாவை மூன்றாம் முறை கேட்டாய். “ஜெயிச்ச கட்சிக்கு ஊத்துங்கண்ணே.” “தோத்த கட்சிக்கு?” என்றார் கடைக்காரர். “அவங்களுக்கு வெங்காயம் மட்டும்.” அவரும் சிரித்தார்.

அடைப்பு உடனே நடந்தது. மணல் மூட்டை, அதன் மேல் சிமெண்ட். சுரங்கத் தண்ணீரை வேறு ஓடைக்குத் திருப்பிவிட்டார்கள். சுத்திகரிப்புக்குக் குழு போட்டார்கள். குழு அவகாசம் கேட்டது. கிடங்கும் அவகாசம் கேட்டது. இரண்டு பேருக்கும் கிடைத்தது.

நடவுக் காலத்தில் நாம் போனோம். செல்விக்கா வெடித்த நிலத்தின் வரப்பில் நின்றிருந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“கருப்பா வந்தாலும் வந்துகினு இருந்துச்சி வக்கீலம்மா. இப்ப சுத்தமா இருக்குது. ஒண்ணுமே வரல.”

திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்: “நம்ம ஜெயிச்சத நம்மளே தோக்கடிக்கணும்.” தீர்ப்பைத் திருத்தக் கேட்டு மனு போட்டாய். வாய்க்காலைத் திறக்கட்டும், கிடங்கின் குழாயை மட்டும் அடைக்கட்டும் என்று. முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய வரி. விசாரணைக்கு முன்னால் காய்ச்சல் வந்தது.

விருதுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு முதல் தீர்ப்பு மட்டும் தெரியும். சென்னையில் ஒரு ஓட்டலில் விழா. உன் அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். நான் போனேன். மேடையில் ஒரு மூத்த வழக்கறிஞர், ஒரு வாய்க்காலையே காப்பாற்றிய தீர்ப்பு என்றார். என்னிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். “அந்த வாய்க்கால் இப்போது காய்ந்து கிடக்கிறது” என்றேன். கைதட்டினார்கள். மழை பொய்த்ததைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். மேலே பேசினேன். அதற்குள் அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். பிறகு நல்ல சாப்பாடு.

அடுத்த விசாரணையில் கிடங்கின் வழக்கறிஞர் முதலில் எனக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு எழுந்து, நாடே பாராட்டி விருது கொடுத்த தீர்ப்பை மனுதாரர் தரப்பே மாற்றக் கேட்பது வியப்பாக இருக்கிறது என்றார். விருதுச் செய்தி வந்த நாளிதழை நீட்டினார். அதில் என் படம். கையில் நீர்த்துளி. நான் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மனுதாரர் உயிரோடு இல்லை, அவர் இடத்தில் பாதிக்கப்பட்ட விவசாயி ஒருவர் வந்தால் கேட்கலாம், வராவிட்டால் மனு முடிந்தது என்றார்கள் நீதிபதிகள். ஒரு வாய்தா கொடுத்தார்கள்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இதே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அம்மா பெட்டியை வாங்கிப் பார்த்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தத் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

“இத எங்க வைக்கச் சொல்லுத? அவ போட்டோ பக்கத்துலயா?”

“ஆமாம்மா.”

“செல்வி வாரம் தவறாம கீர கொண்டாரா. கைப்பம்புல அடிச்சு ஊத்தி வளத்தது. இதப் பாத்தா அவ என்ன நினைப்பா? எடுத்துட்டுப் போயிரு புள்ள.”

எடுத்துக்கொண்டு செல்விக்கா வீட்டுக்குப் போனேன். மனுவையும் எடுத்துப் போயிருந்தேன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“நெலம் காஞ்ச பின்னால எங்க வூட்டுக்காரரு எங்க போறாரு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அந்தக் கிடங்குக்குத்தான். காண்ட்ராக்ட்டு. கரி அள்றாரு. நான் பேரு போட்டா நாளைக்கே வூட்ல குந்தினு இருக்கணும்.” பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல: “அந்தப் பொண்ணு இருந்தா கேட்டிருக்காது.”

நீ கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு பஸ்ஸில் அழுதிருப்பாய். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டிலும் கிடங்கின் பெயர் போட்ட சட்டை கொடியில் காய்ந்தது.

செல்விக்கா பஸ் நிறுத்தம் வரை வந்தார். பையில் கனமாக என்ன என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடித் துளியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். முந்தானையால் ஒருமுறை துடைத்துத் திருப்பித் தந்தார்.

“வாய்தா எப்ப?”

“வர்ற மாசம்க்கா.”

“போய்ட்டு வந்து சொல்லு. என்னா சொன்னாங்கன்னு.”

என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும். பஸ் அந்த வாய்க்காலைக் கடந்தபோது பார்த்தேன். அடைப்புக்கு மேற்புறம் தண்ணீர் தேங்கி, கறுப்பாக, அசையாமல். கீழ்ப்புறத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மனுவில் உன் பெயரை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். வாய்தாவுக்கு அப்படியே கொண்டுபோவேன். யார் மனுதாரர் என்று கேட்பார்கள். இடம் காலியாகவே இருக்கும் அந்த மனுவோடு நான் எழுந்து நிற்பேன்.