என் பேரில் அவள் எழுதியது

மொரப்பூர் பக்கம்,
புரட்டாசி, ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மாமாவுக்கு, பாஞ்சாலி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் இரண்டு மாடும் சுகம். அங்கே நீங்களும் ஊர் ஊராகக் கிணற்றுக்குத் துளை போடுகிற உங்கள் போர் வண்டியும் சுகமாக இருக்க நம்ம குலசாமி கூடவே நிற்கட்டும்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குத் தாளும் பேனாவும் தேடினாள் என்று தோன்றும். போனில் எல்லார் எழுத்தும் ஒரே அச்சு. தாளில் இந்தக் கோணலைப் பார்த்தால் இது ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள், அதற்காகத்தான். மாது லீவு முடிந்து நாளைக்கு மொரப்பூரில் ரயிலேறி உங்கள் வண்டி வேலைக்கே திரும்பி வருகிறான். சத்தீஸ்கர் போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்கிறான். அவனிடம் இந்தக் கடிதமும் ராகி மாவும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். உறைமேல் உங்கள் பேர் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக வாயால் சொல்லாத பேரைக் கையால் மட்டும் எழுதிவிடுவேனா. மாதுவுக்கு ஆளைத் தெரியும்.

சேதிக்கு வருகிறேன். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் என் போனிலிருந்து உங்களுக்கு வந்த செய்தி ஒன்றைக்கூட நான் தட்டவில்லை. எல்லாம் நசீம் பானு தட்டியது. தெரியும் இல்லையா, கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள், நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கப் போகிறேனே, அவள்தான். போன் போட்டால் உங்கள் கம்பரசர் சத்தத்தில் நீங்கள் மாவு மில்லுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், நீங்கள் பதில் போட்டால் அவளே படித்துக் காட்டுவாள். உங்களிடம் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் நினைக்கட்டுமே என்று ஒரு பெருமை.

ஆவணி கடைசியில் அவள் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரி போனாள். போவதற்கு முன்னால் இரண்டு சாயங்காலம் எனக்குப் பாடம். என் கட்டை விரலைப் போன் மதிக்கவே இல்லை. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல், பத்துத் தடவை தட்டினால்தான் ஒரு எழுத்து விழுகிறது. அது போதாது என்று நான் ‘மா’ போட்டால் அதுவே மாலை, மாநாடு, மாவட்டம் என்று எடுத்துக் கொடுக்கிறது. எனக்கு வேண்டியது மாடு. கலெக்டர் ஆபீசில் வாங்கின போனா என்று நசீமைக் கேட்டேன். அவள் சிரித்ததில் வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது.

அப்புறம் நானே ஒரு செய்தி அனுப்பினேன். “மழ இல்ல. செவல மாடு செனை. நான் நல்லா இருக்கறேன்.” தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நீங்கள் “சரி” என்று போட்டீர்கள். மறுநாள் இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் “சரி”. நான்காம் நாள் நீங்களாகவே கேட்டீர்கள், “ஏன் முன்ன மாதிரி எழுத மாட்டேங்கற, என் மேல கோவமா?”

முன்ன மாதிரி என்றால் என்ன மாதிரி என்று எனக்குத் தெரியவேண்டாமா. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, விரலால் மேலே தள்ளித் தள்ளி, வைகாசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். இரண்டு நாள் பிடித்தது.

நான் சொன்னது, கிணறு வற்றிப்போச்சு என்று போடு. அவள் போட்டது, “கிணத்த எட்டிப் பாக்கக் குனிஞ்சா நீங்களும் பக்கத்துல குனியற மாதிரியே இருக்குது.” மாமா, நம்ம கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி வலை அடித்து நாலு வருஷம் ஆகிறது. அடித்ததே நீங்கள்தான். யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதையாவது யோசித்தீர்களா. “எனக்கும் அப்படித்தான் இருக்குது பாஞ்சாலி” என்று பதில் போட்டிருக்கிறீர்கள். சோற்றைப் போடு, துண்டை எடு, இதைத் தாண்டி என்னிடம் பேசாத மனுஷனுக்கு இவ்வளவு பேச்சு எந்தப் பெட்டியில் பூட்டியிருந்தது?

ஆனியில் ஒரு நாள் உங்கள் பேரையே எழுதிவிட்டாள். என் பேரில். சோற்றுக் கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டேன். நீங்களாவது ‘என்னடி இது, பேரைச் சொல்லுது’ என்று அதட்டியிருக்க வேண்டும். “நீ என் பேரு சொன்னது நல்லா இருக்குது. இன்னொருக்கா சொல்லு” என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் நாலு தடவை சொன்னாள். அதற்கப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை, உங்கள் விரல் நசுங்கியிருக்கிறது. நான் முடிச்சுப் போடவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஆமாம், விரல் விஷயம் இப்போதுதான் தெரியும். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் போட்டிருக்கிறீர்கள். “ராடு மாத்தறப்ப இடது கை மோதிர விரல் நசுங்கிப் போச்சு. ஆறு தையல். ஆருகிட்டயும் சொல்லல, உங்கிட்டத்தான் சொல்றேன்.” அதற்கு என் பேரில் போன பதில், “அழுதுகிட்டே எழுதறேன். கைய ஒசரமா வெச்சுப் படுங்க, ஈரம் படாம பாத்துக்கங்க.” அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு பச்சை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என்னடி போட்டிருக்காரு என்று கேட்டேன். நல்லாருக்கறாராம், மாட்டப் பாத்துக்கச் சொல்றாரு என்றாள். கண்ணைத் துடைத்தாள். சாக்குக்கட்டித் தூள் பட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஊரிலிருந்து வந்ததும் கடைக்குப் போனேன். ஏன்டி, நான் சொன்னது ஒரு முழம், நீ போட்டது ஒன்பது முழமா என்று கேட்டேன். நீ குடுத்த துணி பத்தலக்கா, ஒட்டுக் குடுத்தேன் என்கிறாள். சரி, விரலை ஏன் மறைச்ச என்றேன். சொல்லியிருந்தா அன்னிக்கே ரயிலேறியிருப்ப, பாஷை தெரியாத ஊர்ல எங்கன்னு போய்த் தேடுவ என்றாள். தேடறேன், தொலையறேன், என் விரலுக்கு நான் அழுதுக்கறேன், நீ ஆருடி அழறதுக்கு என்று கத்திவிட்டேன். கடையில் அளவு கொடுக்க வந்த பெண் டேப்போடு அப்படியே நின்றாள். நசீம் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள், ஊசியில் நூல் இல்லை.

அவள் வூட்டுக்காரர் நிசார் அகமது தவறி ஆறு வருஷம் ஆகிறது. சாப்பிட்டீங்களா என்று கேட்டு அனுப்ப அவளுக்கு ஒரு நம்பர் இல்லை. எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, நான் என்ன செய்ய. மிச்சமிருந்த எட்டு ஜாக்கெட்டுக்கும் கொக்கி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, சொல்லவில்லை.

வூட்டுக்கு வந்து ஆத்திரத்தில் அவள் எழுதியதை எல்லாம் அழித்தேன். ஒவ்வொன்றின் மேலும் விரலை அழுத்திப் பிடித்தால் குப்பைக்கூடை படம் வருகிறது, அதைத் தட்டினால் போய்விடுகிறது. இது மட்டும் என் விரலுக்கு நன்றாக வருகிறது. உங்களுடையதை அழிக்க மனசு வரவில்லை. இப்போது பார்த்தால் நீங்கள் தனியாகச் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. “எனக்கும் அப்படித்தான் இருக்குது” என்கிறீர்கள், மேலே ஒன்றும் இல்லை. மறுநாள் நசீம்தான் சொன்னாள், நான் அழித்தால் என் போனில் மட்டும்தான் போகுமாம். உங்கள் போனில் அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

அதை அழியுங்கள் என்று கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்கமாட்டேன். நல்ல எழுத்து, வைத்துக்கொள்ளுங்கள். என்னால் அப்படி எழுத வராது. மழை இல்லை என்றால் மழை இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு “சரி” என்று மட்டும் போடுகிறீர்களே, அதுதான் மாமா எனக்கு ஆறவில்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். மாது இதைக் கொடுத்ததும் போனை எடுத்து, விரல் நசுங்கியதை எனக்குச் சொல்லுங்கள். முதலிலிருந்து சொல்லுங்கள். என்ன நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள், தையல் போடும்போது கத்தினீர்களா, இப்போது துணி பிழிந்தால் வலிக்கிறதா, எல்லாம். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பதில் வர நேரமாகும். நான் தட்டி முடிக்கிற வரைக்கும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். சாமி அந்தக் கையைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தானே எழுதிய
பாஞ்சாலி