கிண்ணம் வழியும்வரை

ராஸ் அல் கைமா
ஜூன் 2009

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் சுகர் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

இந்த வார லீவுக்கு துபாயில் ஒரு புத்தர் கோயிலில் தங்கினேன். கோபுரமெல்லாம் இல்லை, வாடகை வீடுதான். இங்கே கேம்ப்பில் என் ரூமில் இருந்த இலங்கைக்காரன் நிஹால் தூக்கத்திலேயே இறந்துவிட்டான், அவன் சடங்குக்காகத்தான் போனேன். பயப்படாதீர்கள், அவனுக்கு ஏற்கெனவே நெஞ்சுக் கோளாறு.

இறந்தவனுக்காக உறவுக்காரர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். இங்கே அவனுக்கு யாருமில்லை. பிக்கு செம்பை என்னிடம் கொடுத்தார். கிண்ணம் நிரம்பியதும் நிறுத்திவிட்டேன். தொட்டி வழியாமல் வால்வை மூடுவதுதானே என் வேலை.

கூட வந்த இன்னொரு இலங்கைக்காரர் பந்துல அண்ணன், "நிப்பாட்ட வேணாம் தம்பி. வழிஞ்சாத்தான் புண்ணியம் அவனுக்குப் போய்ச் சேரும்" என்றார். வழிய விட்டேன்.

அவன் அம்மாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது. கம்பெனியில் இருக்கும் அவன் வீட்டு நம்பருக்குப் போட்டால் யாரும் எடுக்கவில்லை. உடல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

என் ஃபைலில் உங்கள் செல் நம்பர்தான் இருக்கிறது. நீங்களோ சார்ஜ் தீரும் என்று அணைத்தே வைக்கிறீர்கள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இனிமேல் அணைக்காதீர்கள். தெரியாத நம்பராக இருந்தாலும் எடுங்கள். அம்மா பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள்.

டூட்டி பஸ் வந்துவிட்டது.

தங்கபாண்டி