இல்லாத குமிழி

3 நவம்பர், திங்கள்

எழுந்ததும் வாசல்கூடத் தெளிக்கவில்லை; மடிக்கணினியைத் திறந்தேன். இரவெல்லாம் இறங்கிக்கொண்டிருந்த, விண்வெளித் தொலைநோக்கி எடுத்த புதிய எக்ஸ்ரே படம் வந்துவிட்டது. அதில் அந்தக் குமிழி இல்லை.

கேட்கிறவர்களுக்கெல்லாம் எட்டு வருடமாக ஒப்பிக்கிறேன்: விண்மீன் திரள்கள் கொத்தாகச் சேர்ந்திருக்கும், அவற்றுக்கிடையே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு. நடுவிலுள்ள கருந்துளை பீய்ச்சும் தாரைகள் ரேடியோவில் ஒளிரும், வாயுவைத் தள்ளிக் குமிழி ஊதும், அதை ஆறவிடாது. எக்ஸ்ரே படத்தில் குமிழி இருண்ட ஓட்டையாகத் தெரியும்.

என் வழிகாட்டி வெங்கடேசன் சார் பெயர் வாங்கியதே அப்படி ஒரு குமிழியால்தான். அங்கே ரேடியோ ஒளி கிடையாது. “ரொம்பப் பழைய குமிழிம்மா, ரேடியோ அணைஞ்சிடுச்சி” என்பார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அதன்மேல்தான் நிற்கிறது.

4 நவம்பர்

தொலைநோக்கிக் கேமராவில் கதிரைப் பதியும் சில்லுகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. அங்கே கதிர் குறைவாகப் பதியும். கணக்கில் சரிக்கட்ட வேண்டும். புதிய படத்தில் தொலைநோக்கி வேறு கோணத்தில் இருந்திருக்கிறது. வேண்டுமென்றே சரிக்கட்டாமல் போட்டுப் பார்த்தேன். இடைவெளி விழுந்த புது இடத்தில் ஒரு ‘குமிழி’!

சார் கண்ட குமிழியும் சரிக்கட்டாத கேமராவின் சந்து. அவ்வளவுதான்.

8 நவம்பர்

சாரிடம் போனில் சொன்னேன். திகைப்பார் என்று நினைத்தேன்.

“தெரியும்மா. இப்ப எதுக்கு அது? இருபத்தொண்ணாம் தேதி வைவா. வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் சைவம், சாப்பாட்ட மறந்துடாதீங்க. பட்டத்த வாங்குங்க, பொறுமையாப் பேசலாம்.”

தெரியுமாம்! எத்தனை வருடமாக? தெரிந்துகொண்டேதான் என் அத்தியாயத்தில் கையெழுத்துப் போட்டாரா? நான் என்ன — அவர் பொய்க்கு முட்டுக்கொடுக்கிற கழியா?

9 நவம்பர்

நான் வீசிய பாத்திரம் உருண்ட சத்தத்தில் மாமியார் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏம்மா, எட்டு வருசமாப் பாத்த ஓட்ட அங்க இல்லியா? தோ, நம்ம தண்ணித் தொட்டில கீது ஓட்ட. அத்தப் பாரு!”

சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று அதற்கும் கோபம்.

மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்த என் கணவர் ஆதிமூலம், “அந்தாளு கையெழுத்து போட்டாத்தான உனுக்குப் பட்டம்? வாய மூடிக்கினு வாங்கிக்கினு வா. அப்பால கிழி, யாரு வேணான்னா?” என்றார்.

அவர் சொல்வதும் சரிதான். பட்டம் இல்லையென்றால் வருகிற ஜூனில், நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சரியைக் கேட்கத்தான் வயிறு எரிகிறது.

14 நவம்பர்

கல்வராயன் மலையிலிருந்து விடியலில் பஸ் பிடித்து வரும் மாணவிகளைத் தாமதத்துக்காகத் திட்டினேன். வந்த கோபம் யார் மேல்? இறங்கியது யார் மேல்? அசிங்கம்.

17 நவம்பர்

சாரிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் ரிஷிவந்தியத்துப் பெண் இலக்கியா கூப்பிட்டாள்.

“அக்கா, அந்தக் குமிழியோட வயச எடுக்கச் சொல்லிக்கீறாரு சார். எந்த நம்பரப் போட்டாலும் சரியாத்தாங்க்கா வருது. நான்தான் எங்கியோ தப்புப் பண்றேனா? படிப்ப வுட்டுடலாமான்னு தோணுது.”

அழுகையை மறைக்க இருமினாள்.

இல்லாத ஒன்றுக்கு எந்த வயதும் பொருந்தும், பெண்ணே. சொல்ல வாயெடுத்தேன். “அவசரப்படாத. வெள்ளிக்கிழமை வைவாவுக்கு வா” என்று மட்டும் சொன்னேன்.

இனி அவளுடைய எட்டு வருடமா? பாவி மனுஷா.

20 நவம்பர்

மற்ற கொத்துகளில் நான் அளந்த குமிழிகள் நிஜம். அங்கே ரேடியோ இருக்கிறது, வாயு ஒதுங்கியிருக்கிறது, ஆறாமல் இருக்கிறது. அவற்றோடு இந்தப் பொய்யையும் சேர்த்து வைத்தால் நாளைக்கு எதை யார் நம்புவார்கள்?

மாலை சார் பேசினார். “ஸ்லைடெல்லாம் ரெடியாம்மா?”

“ரெடிங்க சார்.”

மூன்றாம் அத்தியாயத்துக்கு இப்போது ஒரே ஸ்லைடு. பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் சில்லுகளின் இடைவெளி சிவப்புக் கோட்டில். அவர் எழுந்து தடுப்பார். அதற்குள் அறையில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இலக்கியாவும்.

“புடவைய இஸ்திரி போட்டு வக்கட்டுமா?” என்று ஆதிமூலம் கேட்டார். பச்சையை எடுத்துக் கொடுத்தேன்.