முதல் பக்கத்தில் உன் பெயர்

என் உயிரான ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கும் மையவாடியைக் கடக்கும்போது வாய்க்குள் சொல்லும் அதே ஸலாத்தை இங்கே எழுதுகிறேன். உம்மாவும் வாப்பாவும் நித்திரை. கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஒளித்து எழுதுகிறேன். யாராவது கண்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் ஈ-ரீடர் எனக்கு வந்தது. நீ டியூஷன் கொடுத்து வாங்கியது. அதற்குள் பதினொரு புத்தகங்கள்தான். நீ இருக்கும்போதே அதற்காக உன்னைப் பகிடி பண்ணியிருக்கிறேன், ஞாபகமா?

"என்னகா, நெட்டுல கடலளவு புத்தகம் சும்மா கிடக்கு. நீ என்னத்துக்குப் பதினொண்ட வெச்சிக்கிட்டு இருக்காய்?"

"சும்மா கிடக்கிறதெல்லாம் சும்மா தந்ததில்லடி. போய்ப் படி."

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவே இல்லை.

உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வாப்பா குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தைச் சிறு புத்தகமாக அச்சடித்து, அட்டையில் உன் பெயர் போட்டு, வந்த எல்லோருக்கும் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. நானும் உன் பெயரால் புத்தகம் கொடுக்கலாமே. வாசிக்கிறவர்களின் நன்மை உனக்கு வந்துகொண்டே இருக்குமே. இலவசத் தமிழ்ப் புத்தகங்கள் என்று தேடினேன். கண்டதையெல்லாம் இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நானே ஒரு பக்கம் செய்து சேர்த்தேன்: "மர்ஹூமா நஸ்ரின் நினைவாக. வாசிப்பவர்கள் துஆச் செய்யுங்கள்." வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது.

வாப்பா கடையில் ஆணி வாங்க வருகிறவர்களுக்குக்கூடப் போனைக் காட்டுகிறார். "என்ட மூத்த மகள்ட பேரால. வேற ஊர்ப் பிள்ளைகளும் வாசிக்குதாம்." நீ மௌத்தான பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான், ராத்தா.

போன கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்த் தினப் போட்டி. ஆலையடிவேம்பிலிருந்து ஒரு மிஸ் நடுவராக வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளாமை வெட்டும் பெண்களைப் பற்றி நாவல் எழுதியவர். தேத்தண்ணி நேரத்தில் என் கூட்டாளி ஸஃப்னா அவரிடம் ஓடினாள்.

"மிஸ், உங்கட நாவல் எங்க எல்லார்ட போன்லயும் இருக்கு!"

மிஸ் சிரித்துக்கொண்டே போனை வாங்கினார். முதல் பக்கத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது ஆர் புள்ள, நஸ்ரின்? என்ட புத்தகத்துக்கு முன்னால இவட பேர் என்னத்துக்கு?"

"அந்த ராத்தா மௌத்தாப் போயிட்டா மிஸ்."

"அப்ப அவதான் இத எடுத்து எல்லாருக்கும் குடுத்தவ?"

ஸஃப்னா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பன்னிரண்டு வருஷம் எழுதின கதை புள்ள. ரெண்டாம் பதிப்பு இப்பதான் அச்சில. என்னட்ட ஒரு சொல் கேக்கல்லியே. செத்த பிள்ளையோட நான் எப்பிடிச் சண்டை பிடிக்கிற?" போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, பிரார்த்திக்கச் சொல்லிக் கேட்டிருக்கா. கள்ளப் பிள்ளையா இருந்தாலும் அவட ஆத்மா சாந்தியடையட்டும்."

ராத்தா, உனக்காக நான் கேட்ட துஆ இதுதானா?

உன் ஜனாஸாத் தொழுகைக்கு முன் வாப்பா பேசியது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வீடுவரைக்கும் கேட்டது. "என்ட மகள் ஆருக்கும் ஏதும் குறை வெச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கொள்ளுங்க." எல்லோரும் பொருந்திக்கொண்டார்கள். ஒருவருடைய மனக்குறையும் இல்லாமல்தான் நீ போனாய். அதற்குப் பிறகு உன் பெயரில் நான் ஒன்றைச் சேர்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து பார்க்கிறேன். எழுதியவர் இறந்து எழுபது வருடம் கடந்துவிட்டதா? யாரும் பகிரலாம் என்று எழுதியவரே அனுமதி போட்டிருக்கிறாரா? ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்கும் இணைய நூலகங்களில் இருக்கிறதா? "உரிமை ஆசிரியருக்கு" என்ற வரியை இத்தனை வருடமாக நான் வாசித்ததே இல்லை, அதைத் தள்ளிவிட்டுத்தான் கதைக்குள் போவேன். உன் பதினொன்றும் சரியாக இருந்தன. என்னுடையவற்றில் முக்கால்வாசியை அழித்தேன். அடுத்தவர்களின் போன்களில் இருப்பதை எப்படி அழிப்பது?

இன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"வாப்பா, மௌத்தானவங்கட பேரால ஒராள் பிழை செஞ்சா, அது கபுறுக்குப் போகுமா?"

"போகாது மகள். செஞ்ச ஆளுக்குத்தான். ஏன், மத்ரஸாவுல கேட்டாங்களா?"

"ஓம்," என்றேன். அதுவும் பொய்.

கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருந்தது. பிறகு பயம் வேறு பக்கத்தால் வந்தது. இத்தனை நாளும் உனக்காகப் பயப்படுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மிஸ் உன்னைக் கள்ளப் பிள்ளை என்றபோது நான் ஏன் வாய் திறக்கவில்லை, தெரியுமா? பழி ராத்தாவோடேயே போகட்டும், அவளுக்கு இனி வலிக்காது என்று ஒரு நொடி நினைத்தேன். அதை நினைத்தது நான்தான்.

நாளைக்குப் பரிசளிப்பு. கட்டுரையில் எனக்கு இரண்டாமிடம், அதனால் வாப்பா வருவார். மிஸ்ஸும் வருவார். எழுத்தாளர் என்று யாராவது சொன்னால் போதும், வாப்பா போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போய்விடுவார். மிஸ் அவர் முகத்துக்கு நேரே என்ன சொல்வார்? அதற்கு முன் நான் கதைக்க வேண்டும். கதைத்தால் வாப்பா என்னைப் பார்க்காமல் இருந்துவிடுவாரோ? மிஸ் பொருந்திக்கொள்ளாவிட்டால்?

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். காலையில் வாப்பா தேத்தண்ணி குடிக்கும்போது முதலில் அவரிடம் சொல்வேன். பிறகு மிஸ்ஸிடம் போய், "நஸ்ரின் எடுக்கல்ல மிஸ், நான்தான் எடுத்த. அவ உசிரோட இருந்திருந்தா என்ன விட்டிருக்க மாட்டா" என்பேன். அவர் என்ன ஏசினாலும் ஓடாமல் நின்று கேட்பேன். குழுவிலும் அதையே எழுதுவேன், கீழே என் பெயரைப் போட்டு.

உனக்குப் பின்னால் இனி ஒளியமாட்டேன் என்று சொல்லும்
உன் தங்கச்சி,
ஸும்றா