வாசலில் நிற்கும் பூட்ஸ்

8 மார்ச் 2024, வெள்ளி

மலேசிய வானொலியின் வாரப் பட்டியலில் என் பாட்டு ஏழாம் இடம்! குளுவாங்கில் லோரியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டேன். தமிழில் அமெரிக்கக் கண்ட்ரி பாட்டா என்று சிரித்தவர்கள் எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறார்கள். கித்தார் வாசித்த செல்வா போனில் கத்தினான்: "அலமாக்! அந்த பூட்ஸ் வரிதான்டா பாட்ட தூக்கிருச்சு!"

அந்த வரி என்னுடையதா? இன்று யோசிக்க வேண்டாம்.

10 மார்ச்

யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

'வாசலில பூட்ஸ் நிக்குது, போட்ட காலு வரவேயில்ல.' இது தேன்மொழி அக்காவின் வாசல். அத்தான் சிங்கப்பூரில் வேறு குடும்பம் தேடிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. காஹாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வீட்டில் அக்காவும் மகள் லோஷினியும் மட்டும். அவருக்கு அங்கே ஷிப்ட் வேலை, வந்து வந்து போகிறார் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். ஆம்பிளை இருக்கிற வீடு என்று தெரியட்டுமே என்று அவருடைய பழைய ரப்பர் பூட்ஸை வாசலில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் புதுச் சேறு பூசுவாள்.

"யார்கிட்டயும் சொல்லிறாதடா." என்னிடம் மட்டும் சொன்னது. நான் நாட்டுக்கே பாடிவிட்டேன். போதாததற்குக் காஹாங் என்று ஊர்ப் பெயர் வேறு! மெட்டுக்கு அழகாக உட்கார்ந்ததாம்.

15 மார்ச்

மூன்றாம் இடம். அக்கா போனை எடுக்கவில்லை.

17 மார்ச்

நேரில் போனேன். பள்ளி பஸ்ஸில் லோஷினியைப் பார்த்தாலே பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடுகிறார்களாம். அக்கா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னாள்: "முந்தாநேத்து சாயங்காலம் எவனோ வந்து கதவ தட்டிக்கிட்டு அதே பாட்ட பாடுறான். லோஷினி கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கிச்சு."

"மன்னிச்சிருக்கா" என்றேன்.

"பாட்டு நல்லாத்தான்டா இருக்கு."

அறைந்திருந்தால் தேவலை.

21 மார்ச்

பாட்டை இனி ஒலிபரப்ப வேண்டாம் என்று வானொலிக்கு எழுதினேன். செல்வாவிடம் சொன்னதும், "பைத்தியமா லா உனக்கு?" என்றான்.

ஆனால் அவனைக் குறை சொல்லி என்ன? எழுதினேன், அனுப்பவில்லை. நாளை வெள்ளி. பட்டியல் வந்துவிடட்டுமே என்று எனக்கே ஓர் ஆசை. சீ, என்ன ஜென்மம்டா நீ?

22 மார்ச்

முதல் இடம். சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

23 மார்ச்

அனுப்பிவிட்டேன். யாருக்கு என்ன பிரயோசனம்? எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது.

6 ஏப்ரல்

அக்காவைக் குளுவாங் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிமாற்றினேன், என் லோரியிலேயே. காஹாங் வாசலில் பூட்ஸைத் தூக்கப் போனேன். "விடு, அது அங்கயே கெடக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் புது வீட்டில், பக்கத்து வீட்டு நஸீமா நோன்புக் கஞ்சி கொண்டு வந்தார். "வீட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா நேராகச் சொன்னாள்: "வீட்டுக்காரரு இல்லங்க. நானும் மகளும்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "இதையும் பாட்டா போட்டுறாத" என்றாள்.

நஸீமா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது லோரியில் ஒரு வரி வந்தது, மெட்டோடு. நல்ல வரி. இங்கேகூட அதை எழுதப் போவதில்லை.