கோவிந்தசாமி வைத்த சில்லறை பாக்கி

ஜூலை 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். நான் கணக்கு எழுதும் மண்டியில் தோல் காயவில்லை. முதலாளி முகமும் காயவில்லை. இடது பக்கம் பல்வலி. ரேஷனில் சர்க்கரை கிடையாது.

பேப்பரில் மூலைச் செய்தி. ஒரு பைசா, இரண்டு பைசா அடிப்பதை நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்களாம். அடிக்கிற செலவு மதிப்பைவிட ஜாஸ்தி. "உங்கள கட்டிக்கினு நான் பட்ட கதைதான்" என்றாள் ரோஸி. மனைவிக்கு உரிமை உண்டு.

சாயங்காலம் வேலூர் ஆஸ்பத்திரி. கோவிந்தசாமி பாதியாகிவிட்டான். தினம் நான் ஆம்பூரிலிருந்து மண்டிக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர். யாருக்கும் பாக்கி கொடுத்ததில்லை. "சில்லறை இல்ல, எறங்கும்போது வாங்கிக்கோ." இறங்கினால் விசில் ஊதிவிடுவான். அப்படிச் சண்டை போட்டே சிநேகிதமானோம்.

செய்தியைச் சொன்னேன். சிரித்து, இருமி, "சின்னக் காசு பூட்டா கண்டக்டருங்க இன்னா சொல்லி ஏமாத்துவாங்க? நான் போறதுக்குள்ள அது பூடும் போலக்கீதே" என்றான். பிறகு மெதுவாக: "கணக்கு, என்னத் தூக்கிக்கினு போவசொல்ல பொரியோட காசு எறைப்பாங்க இல்ல? நீ எறைக்கணும். ஒத்தப் பைசா, ரெண்டு பைசாவா. பெரிய காசு எறைச்சே, எழுந்து வந்து பொறுக்கிக்குவேன்."

"யோவ், நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்."

"இருக்கட்டும். பாக்கி கேட்டு டெய்லி உசுர வாங்குனது நீதான?"

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எறங்கும்போது சொல்றேன்."

சிரித்தோம். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

ஜூலை 12, வியாழன்

வெயில். கிராம்பு வைத்தும் பல் கேட்கவில்லை.

சின்னக் காசு வேட்டை. பாய் கடையில் கேட்டேன். "ஒத்தப் பைசாவா? இன்னா சார் பேஜாரு! பிச்சைக்காரனே வாங்கறதில்ல." மிச்சத்துக்கு மிட்டாய் நீட்டினார். பல்வலிக்காரனுக்கு மிட்டாய். பேங்கில் கேட்டேன், ஏற இறங்கப் பார்த்தார்கள். இன்னும் அடிக்கிறார்களாம், ஆனால் எங்கேதான் போகிறது?

ஜூலை 15, ஞாயிறு

போகிற இடம் தெரிந்துவிட்டது. சர்ச்சில் காணிக்கைப் பை வந்தது. வழக்கம்போல் ஒரு இரண்டு பைசாவைச் சத்தம் வராமல் போட்டேன். அலுமினியம், அந்த வசதி உண்டு. சட்டென்று உறைத்தது. சபையார் எல்லாருமே என்னைப்போல் கஞ்ச ஜாதிதான்.

ஆராதனை முடிந்து பொருளாளரிடம் போனேன். டப்பா நிறையச் சின்னக் காசு. அதற்கு மாற்றாக அஞ்சு ரூபாய் நோட்டை நீட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கர்த்தர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்! எதுக்குப்பா இது?"

"சிநேகிதன் ஒருத்தனோட பாக்கிங்க."

வீட்டில் ரோஸி: "சாமி காச சாவுக்கு எறைக்கப் போறீங்களா?"

"ஆளு இன்னும் சாவலடி."

அவளே பழைய தலையணை உறையில் சுருக்குப்பை தைத்துக் கொடுத்தாள். ஆணியில் மாட்டினேன். பார்க்கப் பிடிக்கவில்லை. பீரோவுக்குள் போட்டேன்.

ஜூலை 18, புதன்

மழை. விடியற்காலை போய்விட்டான்.

மண்டிக்கு லீவு சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? கண்டக்டர் செத்துவிட்டான் என்றா?

ஜூலை 19, வியாழன்

மேளம். பஸ் போகிற ரோட்டிலேயே பாலாற்றுக்கு எடுத்துப் போனார்கள். முன்னால் நான். முதல் பிடி எடுத்தேன், கை திறக்கவில்லை. மேளக்காரர், "வீசு சார், வீசு" என்றார். வீசினேன். யாரும் குனியவில்லை. குட்டையில் விழுந்த ஒரு பைசா மூழ்காமல் மிதந்தது.

டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "அட, கோயிந்தன் இப்பதாம்பா பாக்கி குடுக்கறான்!"

குப்பென்று சிரிப்பு. பாடை தூக்கினவர்கள் தோளும் குலுங்கியது. நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. மேளக்காரர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஆறு வருமுன்பே பை காலி.

ஜூலை 23, திங்கள்

மேகமூட்டம். பல் பிடுங்கியாயிற்று.

பஸ்ஸில் புதுக் கண்டக்டர். டிக்கெட்டோடு மிச்சத்தையும் உடனே கையில் வைத்தார். "சரியா இருக்கா பாத்துக்குங்க சார்."

திருப்பி அவர் கையிலேயே வைத்தேன்.

"இப்ப வேணாம்பா. எறங்கும்போது குடு."